பழைய பாய்மரப் படகு: மெருகேற்றினால் போதுமா, பெயின்ட் அடிக்க வேண்டுமா?

பழைய ஃபைபர் பாய்மரப் படகின் வெளிப்புறம் மங்கிவிட்டது. கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. இந்த நிலையில் படகு வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பெயின்ட் நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயின்ட் அடிப்பது திரும்பி வர முடியாத பாதை. ஃபைபர் படகின் மேல் நாம் பார்ப்பது பெயின்ட் அல்ல, ஜெல்கோட். நிறமி கலந்த பாலியெஸ்டர் பிசின் அது. படகு செய்யும்போது அச்சுக்குள் முதலில் தெளிப்பது அதைத்தான். அதன்மேல்தான் கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கடுக்காக ஏறும். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், மேலிருந்து அடிவரை ஒரே நிறம். அதனால் கீறல் விழுந்தாலும் தேய்த்து எடுக்கலாம். மேல்பரப்பு வெயிலில் செத்துப்போனாலும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் நல்ல ஜெல்கோட் காத்திருக்கும். பெயின்ட் படலமோ அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். படகுத்துறையில் ஒரு உரசல் பட்டால் அடியில் இருக்கும் பிரைமர் பல்லிளிக்கும். ஒருமுறை அடித்துவிட்டால் அந்தப் படகு இனி பெயின்ட் அடிக்கும் படகுதான்; சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த வேலை உங்களைத் தேடி வரும்.

அதனால் ஜெல்கோட்டில் உயிர் இருக்கும்வரை மெருகேற்றி ஓட்டுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். மங்கிய இடத்தை நனைத்துப் பாருங்கள். நனைந்தவுடன் பழைய நிறமும் ஆழமும் வந்தால், மெருகேற்றலுக்கு அந்தப் பரப்பு பெரும்பாலும் இணங்கும். நனைந்தும் திட்டுத்திட்டாக, சோகை பிடித்த மாதிரி தெரிந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, வெயில் அதிகம் வாங்கும் பக்கத்தில் ஒரு சதுர அடி இடத்தை மாஸ்கிங் டேப் போட்டுப் பிரித்து, அங்கு மட்டும் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு வந்து சில வாரம் நின்றால் ஜெல்கோட் பிழைத்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து கருமையான நிழலோ இழைப் பின்னலோ தெரிய ஆரம்பித்தால், அங்கே தேய்க்க இனி எதுவும் இல்லை. அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், கூர்முனையிலும் பின்பக்க மூலைகளிலும்தான் இது முதலில் நடக்கும், ஏனென்றால் முந்தைய உரிமையாளர்கள் எல்லோரும் மெஷினை அழுத்திப் பிடித்தது அங்கேதான்.

இன்னொரு விஷயம்: நீங்கள் ஜெல்கோட் என்று நினைப்பது ஏற்கனவே யாரோ அடித்த பெயின்டாக இருக்கலாம். ஃபைபர் பாய்மரப் படகுகள் பெருமளவில் வர ஆரம்பித்தது 1950களின் கடைசியில். பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகு 1959இல் வந்து அந்தச் சந்தையையே திறந்துவிட்டது. அந்தத் தலைமுறைப் படகு ஒன்று இன்று உங்கள் கைக்கு வந்தால், இடையில் யாரும் பெயின்ட் அடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பெயர்ப்பலகைக்கோ கயிறு கட்டும் கிளீட்டுக்கோ அடியில் கழற்றிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். பெயின்டாக இருந்தால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். வலுவான தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓரிடத்தில் சில நிமிடம் ஒட்டி வையுங்கள். பெயின்ட் இளகினாலோ சுருங்கினாலோ அது ஒரே டப்பாவில் வரும் சாதாரண வகை. அசையாமல் இருந்தால் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த இரட்டைக்கலவை. முதல் வகையின் மேல் இரண்டாவதை அடித்தால், புதிய பெயின்டில் உள்ள தின்னரே பழையதைக் கிளப்பிவிடும். அப்படி ஒரு படகில் பழையதை முழுதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதே சாதாரண வகையோடே தொடர வேண்டும். நடுவழி கிடையாது.

மெருகேற்றல்

ஜெல்கோட் பிழைத்திருந்தால் வேலை எளிது. எளிது என்றால் சுலபமாகப் புரியும் என்று அர்த்தம், தோள் வலிக்காது என்று அர்த்தமில்லை. முதலில் பழைய மெழுகைக் கரைப்பான் கொண்டு துடைத்து எடுக்க வேண்டும். அப்புறம் கம்பளிப் பட்டை மாட்டிய பாலிஷ் மெஷினில், மெதுவான வேகத்தில், காம்பவுண்ட். மங்கல் ஆழமாக இருந்தால் அதற்கு முன் 800 அல்லது 1000 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று ஏறிப் போகலாம். கடைசியில் நுண்ணிய பாலிஷ், அதன்மேல் மெழுகு. மெழுகு தவறினால் அடுத்த வருடமே பழைய கதை, ஏனென்றால் தேய்த்த ஜெல்கோட்டின் நுண்துளைகள் திறந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது, வெயில் கடுமையான இடமாக இருந்தால் இரு முறை, மெழுகு போட்டாக வேண்டும். கடல்நீலமும் சிவப்பும் வெள்ளையைவிட வேகமாக மங்கும். அடர்நிறப் படகுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமாக வரும்.

"தேய்க்கவே வேண்டாம், துணியால் பூசினால் போதும்" என்று விற்கும் அக்ரிலிக் மெருகுகள் உண்டு. பூசிய அன்று பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் விடாமல் பராமரிக்காவிட்டால் மஞ்சளித்து, செதில் செதிலாக உரியும். அதை முழுதாக நீக்குவது மெருகேற்றுவதைவிடப் பெரிய வேலை. படகை விற்கப்போகிறவர்களுக்கு இது பிடித்த வழி. வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ஜெல்கோட்டே பூசினால் என்ன?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கனமான, அதே இனத்தைச் சேர்ந்த பூச்சு. பெயின்டைப் போல ஒரு உரசலில் போகாது. சிக்கல் எங்கே என்றால், தொழிற்சாலையில் ஜெல்கோட்டுக்கு மினுக்கம் தந்தது மெருகேற்றிய அச்சு. இப்போது அச்சு இல்லை. வெளியிலிருந்து தெளித்தால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாகக் காயும். காற்று படும் பரப்பு சரியாகக் காயாது என்பதால் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், அல்லது மேலே ஒரு படலம் பூசிக் காற்றை அடைக்க வேண்டும். காய்ந்த பிறகு படகின் ஒவ்வொரு அங்குலத்தையும் தேய்த்துச் சமன் செய்து, பாலிஷ் வரை கொண்டுபோக வேண்டும். எபாக்சி என்ற வேறு வகைப் பிசினால் பழுது பார்த்த இடங்களின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒட்டுவதும் காய்வதும் தகராறு. முழுப் படகுக்கும் இதைச் செய்யச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னச் சின்ன உடைசல், ஆணித் துளை, படகுத்துறைக் காயம் ஆகியவற்றுக்கு மட்டும் ஜெல்கோட். அதற்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை. வெள்ளை என்றாலும் நிறம் பொருத்துவது தனிக் கலை, ஏனென்றால் பழைய வெள்ளை வெள்ளையாக இருப்பதில்லை.

பெயின்ட் என்று முடிவானால்

இங்கேதான் பணமும் நேரமும் உடல்நலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இரட்டைக்கலவை பாலியூரித்தேன்தான் இன்று உச்சம். விமானங்களுக்கான பூச்சுகளின் வழியாகப் படகுக்கு வந்த தொழில்நுட்பம் இது. பிசினும் ஹார்டனரும் தனித்தனி டப்பாக்களில் வரும். கலந்ததும் வேதிவினை தொடங்கி, காய்ந்தால் கண்ணாடி போன்ற கடினமான படலம் கிடைக்கும். நன்றாக அடித்தால் பத்து வருடம்கூட மினுக்கம் நிற்கும். இதற்குள்ளேயே இரண்டு கிளைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆல்கிரிப் போன்ற பாலியெஸ்டர் வகை மிகக் கடினம், மினுக்கம் நெடுநாள் நிற்கும். ஆனால் அதை மெஷின் போட்டுத் தேய்க்கக் கூடாது. அதன் மினுக்கமே மேலே இருக்கும் மெல்லிய தெளிந்த தோலில்தான் இருக்கிறது, அதைத் தேய்த்தால் வேலை முடிந்தது. கீறல் பட்ட இடத்தை மட்டும் பூசிப் பக்கத்தோடு கலக்க வைப்பதும் கஷ்டம். ஆல்கிராஃப்ட் 2000 போன்ற அக்ரிலிக் வகை சற்று மென்மை. ஆனால் தேய்க்கலாம், பாலிஷ் போடலாம், ஓரிடத்தை மட்டும் சரிசெய்யலாம். அடிக்கடி துறைக்கு வந்து போகும் படகுக்கு இந்த இரண்டாவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. படகுப் பட்டறையில் விலை கேட்கும்போது "பாலியூரித்தேன்" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், எந்தக் கிளை என்று கேளுங்கள்.

ஸ்ப்ரேயா, ரோலரா? ஸ்ப்ரே செய்தால் வரும் தரம் வேறு, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்தப் பெயின்ட்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது நுண்துளியாக மிதந்து நுரையீரலுக்குப் போகும். வாசனை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ஆபத்தான அளவு இருக்கும்போதுகூட மூக்குக்குத் தெரியாமல் போகலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை வளர்த்துக்கொண்டால், பின்னால் மிகச் சிறிய அளவு பட்டாலே ஆஸ்துமா வரலாம், அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முழு முகக் கவசம் இல்லாமல் இதை ஸ்ப்ரே செய்யக் கூடாது. வடிகட்டி மாட்டிய சாதாரண முகமூடி இதற்குப் போதாது. ஆகவே வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி ஸ்ப்ரே செய்யும் எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்ப்ரே வேண்டுமென்றால் மூடிய கூடமும் கவசமும் உள்ள பட்டறையில் கொடுங்கள். கூலி அதிகமாகத்தான் இருக்கும், அதில் பெரும்பங்கு ஸ்ப்ரே செய்யும் அந்த ஓரிரு நாளுக்கானதல்ல, அதற்கு முன்னால் நடக்கும் தேய்ப்புக்கானது.

சொந்தக் கையில் செய்ய நினைப்பவர்களுக்கு ரோலரும் பிரஷும் சேர்ந்த முறை. ஒருவர் நுண்ணிய ஃபோம் ரோலரால் மெல்லிய படலமாக ஓட்டிக்கொண்டே போவார். பின்னாலேயே இன்னொருவர் நல்ல பிரஷின் நுனியை மட்டும் லேசாக வைத்து இழுத்து, ரோலர் விட்ட குமிழ்களை உடைத்துச் சமன் செய்வார். மூன்றடி அகலப் பட்டையாக, ஈரமான விளிம்பு காயாமல் அடுத்த பட்டைக்கு நகர வேண்டும். திரும்பிப் பார்க்கலாம், திரும்பித் தொடக் கூடாது. ஒரு நிமிடம் கழித்துக் கண்ணில் படும் புள்ளியைச் சரிசெய்யப் போனால் அங்கே ஒரு தழும்பு நிச்சயம். இன்டர்லக்ஸ் பெர்ஃபெக்‌ஷன் போன்றவை இந்த முறையை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. தின்னர் அளவு சரியாக அமைந்தால் பிரஷ் கோடுகள் தானே சமனாகி மறையும். தின்னர் எவ்வளவு என்பது அன்றைய வெப்பத்தைப் பொறுத்தது. அதைப் படகின்மேல் கற்றுக்கொள்ளாமல் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியில் கற்றுக்கொள்ளுங்கள். ரோலர் என்பதால் முகமூடி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஆவிக்கான வடிகட்டி மாட்டிய முகமூடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் தேவை. நுண்துளி மிதக்காததால் ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை.

பத்தடி தள்ளி நின்று பார்த்தால், நன்றாக ரோலர் ஓட்டிய படகுக்கும் ஸ்ப்ரே செய்ததற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கடலில் யாரும் அதைவிட அருகில் வருவதில்லை. வந்தால் உங்களுக்கு வேறு கவலை இருக்கும்.

வானிலையை மறந்துவிடாதீர்கள். படகின் பரப்பு வெப்பம், பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். மாலையில் அடித்த பெயின்டின் மேல் இரவில் பனி இறங்கினால் காலையில் மினுக்கம் செத்திருக்கும். நேர் வெயிலில் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காயும். நிழல் விழும் பக்கத்தைக் காலையில் முடித்துவிடுவது நல்லது.

அளவுக்கு ஒரு கணக்கு: படகின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அதை இரண்டால் பெருக்கி, நீர்க்கோட்டுக்கு மேல் தெரியும் சராசரி உயரத்தால் பெருக்குங்கள். 8.7 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 20 சதுர மீட்டர். லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும் பெயின்டில் ஒரு முறை பூச 2 லிட்டர். மேல்பூச்சு குறைந்தது இரண்டு முறை, பிரைமர் தனிக் கணக்கு.

எந்தப் பெயின்ட் வாங்கினாலும் வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்னால்தான். முதலில் மெழுகு நீக்கம்: கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயும் முன் சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகையும் சிலிக்கானையும் கீறல்களுக்குள் நாமே தேய்த்துத் திணிக்கிறோம். பெயின்ட் அங்கே மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகிக்கொள்ளும். அப்புறம் வெடிப்புகள். டெக் ஓரத்தில் பிடிமானத்துக்கு நிற்கும் கம்பிக்கால் அடியிலும் டெக் மூலைகளிலும் நட்சத்திரம் போலப் பரவும் வெடிப்புகளைப் பெயின்ட் மூடாது. பிரைமரும் மூடாது. ஒரு பருவம் ஓட்டியதும் அதே கோடுகள் அப்படியே மேலே வரும். அவற்றை 'வி' வடிவில் சுரண்டித் திறந்து எபாக்சிப் பட்டி வைக்க வேண்டும். அந்த இடம் ஏன் வளைகிறது என்றும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பட்டியும் வெடிக்கும். அதன்பின் எபாக்சி பிரைமர், 320 எண் உப்புத்தாள், தூசி துடைப்பு, பிறகுதான் மேல்பூச்சு. மினுக்கமான பெயின்ட் எந்தக் குறையையும் மறைக்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் விளக்குப் போட்டுக் காட்டும். கடல்நீலம், கறுப்பு என்றால் இன்னும் மோசம். அடர்நிறம் வெயிலில் சூடேறி, அடியில் உள்ள இழைப் பின்னலின் தடத்தையும் மேலே கொண்டுவந்துவிடும். அழகுதான், ஆனால் பட்டி பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் வெள்ளையோ வெளிர் நிறமோ எடுப்பது உத்தமம்.

ஒரே டப்பாப் பெயின்டை இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் படகுக்காரர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மினுக்கம் இரண்டு மூன்று வருடத்தில் இறங்கும், உரசல் தாங்காது, சரி. ஆனால் விலை குறைவு, ஹார்டனர் தலைவலி இல்லை, சனிக்கிழமை காலை ஒரு பிரஷோடு போய் அடிபட்ட இடத்தைத் தொட்டுவிட்டு வரலாம். அடிக்கடி முட்டி மோதும், கரையில் இழுத்து ஏற்றும் சின்னப் படகுக்கு இரட்டைக்கலவை அடிப்பது வீண்செலவு. மரப் படகுக்கோ பல நேரம் இதுதான் சரியான பெயின்ட். பலகைகள் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கடினமான இரட்டைக்கலவைப் படலம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் இணைப்புகளில் கீறிவிடும், கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அங்கேயே தங்கும். பழைய மரப் படகைத் தேய்க்கும் முன் ஒன்று: பழைய அடுக்குகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்பு உண்டு. சோதிக்காமல் உலர் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள்.

பெயின்டுக்குப் பதிலாக வினைல் தாள் ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. அனுபவசாலி ஒட்டினால் சில நாளில் முடியும், பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம், ஐந்தாறு வருடம் வரும். ஆனால் தூள் கொட்டும் ஜெல்கோட்டில் ஒட்டாது, அடியில் உள்ள மேடுபள்ளத்தை மறைக்காது, துறையில் மோதாமல் இருக்கத் தொங்கவிடும் தடுப்புப் பந்துகள் உரசும் இடத்தில் முதலில் போகும். ஜெல்கோட் நன்றாக இருந்து நிறம் மட்டும் பிடிக்காதவர்களுக்கான வழி.

இதுவரை சொன்னது எல்லாம் நீர்க்கோட்டுக்கு மேலே. கீழே வேறு உலகம். மேற்பகுதிக்கான பாலியூரித்தேன் பெயின்ட்கள் எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதற்கு ஏற்றவை அல்ல, கொப்பளிக்கும். கீழே எபாக்சித் தடுப்புப் பூச்சும், பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிர்) பிடிக்காமல் இருப்பதற்கான பூச்சும்தான். அலுமினியப் படகாக இருந்தால் செம்பு கலந்ததைத் தொடவே கூடாது, அது உலோகத்தை அரிக்கும். ஜெல்கோட்டில் கொப்புளங்கள் இருந்து, குத்தினால் புளித்த வாடையோடு நீர் வந்தால், அதைப் பெயின்ட் விஷயமாக நினைக்காதீர்கள். உள்ளே போன ஈரத்தை வெளியேற்றிக் காயவைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்படிப் படகு கரையில் காத்திருக்கும் காலம்தான் மேற்பகுதியைத் தேய்த்து முடிக்க நல்ல நேரம். எல்லைக்கோட்டை மட்டும் யோசித்து வையுங்கள். தண்ணீரும் சாமானும் டீசலும் ஏற்றிய பிறகு பழைய படகு, வரைபடத்தில் உள்ளதைவிட ஆழமாகவே அமரும். முழுச் சுமையோடு தண்ணீரில் நிற்கும்போதே உண்மையான நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மேல் பெயின்டின் கீழ் எல்லையை அதற்குச் சில அங்குலம் மேலே நிறுத்துங்கள். கரைக்கு ஏற்றிய பிறகு ஊகிப்பது கஷ்டம்.